சில நேரம் ஓடும் மோட்டார்



அடியோடு ஓடாத மோட்டாரால் பெருந்தீங்கு நேர்வதில்லை. அது கரையிலேயே நின்றுவிடும். அன்றைய வருமானம் போகும், அவ்வளவுதான். இரண்டு நாட்கள் பழுதின்றி ஓடி, மூன்றாம் நாள் நடுக்கடலில் நின்று, அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடுகிற மோட்டார்தான் குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுப்பது. சென்ற ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் நமது இல்லத்துப் படகில் அப்படியொரு மோட்டார் இருந்தது. கரையோர ஊர்களில் வாழும் நம் மக்களுள் பலர் இதே தொல்லையை வேறு வேறு உருவங்களில் கண்டு வருவதால், அதனை எவ்வாறு தேடிப் பிடித்தோம் என்பதை விரிவாகவே எழுதிவைக்க எண்ணினோம்.

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட கரையில் உள்ள சிற்றூர் நம்முடையது. மர்ஹூம் வாப்பா அவர்கள் வத்தையில் பாய் விரித்துத் தொழில் செய்தவர். படகின் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் 1909-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார் எனினும், எங்கள் கரையில் அதன் ஓசை கேட்பதற்கு எத்தனையோ ஆண்டுகள் ஆயின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஃபைபர் படகுகள் பெருகின. பாய்மரங்கள் வீட்டுக் கூரைக்கு உத்திரமாயின. நாம் இளமையிலேயே ஓதப் போய்விட்டோம். வாப்பாவின் தொழில் ராத்தாவின் கணவருக்குச் சென்று, அவர் மறைந்தபின் அவர்களுடைய மகனின் தோளில் ஏறியது. இருபத்து நான்கு வயதுப் பிள்ளை. உம்மா, இரண்டு தங்கைகள், ஒரு படகு, இரண்டு சிலிண்டர் கொண்ட 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டார் ஒன்று. அவனுடைய உலகம் அதுதான். நண்டு வலை போடுகிறான்.

பாக் விரிகுடாவின் தொழில்முறையை அறியாதவர்களுக்கு ஒரு சொல். இங்கே வாரத்தில் மூன்று நாட்கள் விசைப்படகுகளுக்கும் நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கும் என்று கடல் பங்கிடப்பட்டுள்ளது. ஆகவே ஒருநாள் தொழில் கெட்டால் வாரத்தின் கால்பங்கு கெட்டது என்று பொருள். இது வருமானக் கணக்கு. இதனினும் பெரிதான கணக்கு காற்றின் கணக்கு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் வீசும். அதிகாலையில் சற்று அடங்கியிருந்து, பொழுது ஏற ஏற வலுக்கும். கிழக்கு நோக்கி வலைக்குப் போகும்போது காற்று முதுகில் இருப்பதால் படகு தானாகவே வழுக்கிக்கொண்டு போகும். வலை இழுத்து நண்டு ஏற்றிக் கரைக்குத் திரும்பும்போதோ காற்றும் அலையும் முகத்தில் அடிக்கும். அப்போது மோட்டார் நின்றால் படகு கிழக்கே தள்ளப்படும். கிழக்கே இருப்பது 1974-ல் இந்தியாவும் இலங்கையும் வகுத்துக்கொண்ட எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியவர்களுள் எத்தனை பேர் வேண்டுமென்று தாண்டினார்கள், எத்தனை பேர் மோட்டார் நின்று தள்ளப்பட்டார்கள் என்று கரையில் காத்திருக்கும் தாய்மார்களிடம்தான் கேட்க வேண்டும்.

நமது மருமகனின் மோட்டார் திரும்பும் வழியில்தான் நின்றது. எப்போதும் அல்ல, மூன்று பயணங்களுக்கு ஒருமுறை, சில வாரங்களில் இருமுறை. பத்து நிமிடம், இருபது நிமிடம் கழித்து மீண்டும் உயிர்பெற்றது. ஒருநாள் நான்கு முறை நின்று நின்று, காலை ஒன்பது மணிக்கு வர வேண்டியவன் லுஹருக்குப் பாங்கு சொல்லும் வேளையில் கரையேறினான். ராத்தா கடற்கரையில் வெயிலில் நின்றிருந்தார்கள்.

அருகிலுள்ள ஊரில் மோட்டார் பழுது நீக்கும் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டு ப்ளக்குகளையும் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டினார். அரைமணி நேரம் கடிகாரம் போல ஓடிற்று. வாங்கிக்கொண்டு வந்தோம், நான்காம் நாள் நின்றது. மறுபடி கொண்டுபோனபோது, "சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. காயில் போய்விட்டது. அதோடு மின்பொறி தரும் பெட்டியையும் மாற்றிவிடுவதுதான் நல்லது" என்றார். இரண்டுக்கும் கூலியோடு பன்னிரண்டாயிரம் ரூபாய். அவரை நாம் குறை கூற மாட்டோம். சூடேறி நிற்பதும் ஆறியபின் ஓடுவதும் காயில் பழுதின் அடையாளமேதான். எங்கள் கரையில் அப்படிக் காயில் போன மோட்டார்களும் உண்டு. ஆனால் அவர் ஓட்டிப் பார்த்தது டிரம்மில். மோட்டார் நின்றதோ கடலில்.

பன்னிரண்டாயிரம் எங்கிருந்து வரும்? நண்டு எடுக்கும் வியாபாரி தருவதாகச் சொன்னார். கரையில் இது வழக்கம். முன்பணம் வாங்கினால் கடன் தீரும்வரை நண்டு முழுவதையும் அவருக்கே போட வேண்டும். கிலோவுக்குச் சந்தை விலையைவிட ஐம்பது ரூபாய் குறைத்துத்தான் எடுப்பார். பெயரில் வட்டி இல்லை. ஆயினும் கொடுத்த கடனைக் காரணமாக வைத்து ஆதாயம் பெறுவது எதுவென்று மார்க்கம் படித்தவர்களுக்குத் தெரியும். கொடுத்த பணம் அப்படியே நிற்க, கிலோவுக்கு ஐம்பது ரூபாய் ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும் படகுகள் நம் கண்முன்னே உள்ளன. மருமகன் வியாபாரியிடம் சரி சொல்லப் புறப்பட்டபோது நாம் அவனிடம் ஒரு வாரம் தவணை கேட்டோம்.

"ஒரு வாரத்திலே என்ன மாமா செய்வீங்க? நீங்க ஓதிக்கொடுக்கிறவங்க. மோட்டாரைப் பத்தி அவருக்குத் தெரியாததா?" என்றான்.

"அவருக்குத் தெரியும். ஆனா அது நிக்கும்போது பக்கத்திலே இருந்தவன் நீதானே" என்றோம்.

மத்ரஸாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சபக் நோட்டு ஒன்று வைத்திருப்போம். எந்த நாளில் எந்தப் பாடம், எந்த இடத்தில் தடுமாறினான் என்பதெல்லாம் அதில் இருக்கும். இருபது ஆண்டுப் பழக்கம் அது. வீட்டில் சரளமாக ஓதுகிற பிள்ளை மத்ரஸாவில் திக்குவான். பெற்றோர் 'வீட்டில் நன்றாகத்தானே ஓதுகிறான்' என்பார்கள். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கும். எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருக்கு முன்னால் திக்குகிறான் என்று பத்து நாட்கள் எழுதிப் பார்த்தால் காரணம் தானாகத் தலைகாட்டும். அத்தகைய நோட்டு ஒன்றை மருமகனிடம் கொடுத்தோம். எழுத வேண்டியவை: புறப்பட்ட நேரம்; காற்று எப்படி; எவ்வளவு வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடிற்று; நின்றபோது எப்படி நின்றது; குளிர்ச்சி நீர் வெளியே பீய்ச்சியதா; எரிபொருள் ஹோஸின் நடுவில் உள்ள ரப்பர் உருண்டை கையில் எப்படி இருந்தது; என்ன செய்தபின் மீண்டும் ஓடிற்று.

'எப்படி நின்றது' என்பதை நாம் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு பெட்ரோல் மோட்டார் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: சரியான அளவில் காற்றோடு கலந்த எரிபொருள், சரியான நேரத்தில் மின்பொறி, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். அழுத்தம் குறைந்துபோன மோட்டார் பெரும்பாலும் எல்லா நாளும் பலவீனமாகவே இருக்கும். நேற்று நன்றாக ஓடி இன்று நின்று நாளை ஓடாது. எனவே விட்டுவிட்டு வரும் பழுதுக்கு முதலில் ஐயுற வேண்டியவை எரிபொருளும் மின்பொறியும். மின்சாரம் அறுந்தால் விளக்கை அணைத்தது போல ஒரே நொடியில் மோட்டார் நிற்கும். எரிபொருள் வற்றினால் அப்படி நிற்காது. வேகம் தளரும், இருமும், ஒருமுறை துள்ளும், பிறகு அடங்கும். இதற்கு விதிவிலக்குகள் உண்டு. எனினும் பத்துக்கு எட்டு முறை காது சொல்வது சரியாகவே இருக்கும்.

எட்டு நாட்களில் ஐந்து பயணங்கள். அவற்றில் இரண்டு நாட்கள் மோட்டார் நின்றது. அஸருக்குப் பின் நோட்டை எடுத்துக்கொண்டு படகின் நிழலில் இருவரும் உட்கார்ந்தோம்.

போகும்போது ஒருமணி நேரம் ஓடியிருக்கிறது. ஒருநாளும் நின்றதில்லை. பிறகு வலை இழுக்கும் இரண்டு மணி நேரம் மோட்டார் அணைந்து ஆறிக் கிடக்கிறது. திரும்பத் தொடங்கிப் பதினைந்தாம் நிமிடத்தில் நிற்கிறது. காயில் சூடேறித்தான் நிற்கிறது என்றால், இடைவிடாமல் ஒருமணி நேரம் ஓடிய போக்கிலல்லவா நின்றிருக்க வேண்டும்? ஆறிய மோட்டார் பதினைந்தே நிமிடத்தில் அதைவிடச் சூடாகிவிடுமா? இந்த இடத்தில் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு வழிகளுக்கும் உள்ள வேற்றுமை என்ன என்று கேட்டோம். "போகும்போது பாதி வேகந்தான் மாமா, காத்து தள்ளுதில்ல. வரும்போது முழுசாத் திருகித்தான் ஆகணும்" என்றான். நின்ற இரண்டு நாட்களும் கச்சான் கடுமையாக இருந்த நாட்கள். நிற்காத மூன்று நாட்களில் இரண்டு நாள் காற்று குறைவு. மூன்றாம் நாள் அவன் கரையை ஒட்டியே வலை விட்டிருந்தான்.

நின்ற விதத்தை 'இருமி இருமி' என்று எழுதியிருந்தான். குளிர்ச்சி நீர் ஒழுங்காக வந்திருக்கிறது. இவை எல்லாவற்றிலும் மேலான வரி ரப்பர் உருண்டையைப் பற்றியது: 'ஒட்டிப்போய் அப்பளம் மாதிரி இருந்தது.'

அந்த உருண்டையைப் பற்றி இங்கே சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் படகில் உள்ள சோதனைக் கருவிகளுள் விலையில்லாததும் மிக உண்மையானதும் அதுவே. டேங்கிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் ஹோஸின் நடுவில், ஒருவழி வால்வு வைத்த முட்டை வடிவ ரப்பர். ஸ்டார்ட் செய்யுமுன் கையால் அமுக்கி எரிபொருளை ஏற்றுவதற்காக வைத்தது. மோட்டார் ஓடத் தொடங்கியபின் அதிலுள்ள பம்ப்பே உறிஞ்சிக்கொள்ளும். மோட்டார் தளரும் தருணத்தில் இந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்தால் மூன்று நிலைகளில் ஒன்றைக் காணலாம். தட்டையாக ஒட்டிப் போயிருந்தால், மோட்டார் உறிஞ்சுகிறது, டேங்க் பக்கத்திலிருந்து வரவில்லை என்று பொருள். அடைப்பு உருண்டைக்கும் டேங்குக்கும் இடையில். வடிவம் கெடாமல் தொளதொளவென்று இருந்து, அமுக்கினால் மோட்டார் உயிர்பெற்றால், எங்கோ காற்று புகுகிறது, அல்லது மோட்டாரின் பம்ப்பிலுள்ள சவ்வு கிழிந்து பலமிழந்திருக்கிறது. கெட்டியாக நிரம்பியிருந்தும் மோட்டார் பட்டினி கிடந்தால், அடைப்பு உருண்டைக்கு அப்பால், மோட்டாரின் பக்கம்.

எங்களுடையது முதல் வகை. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கேள்வி இப்போது மூன்று முழ நீளத்துக்குள் அடங்கிவிட்டது.

டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகுதான் முதல் ஐயம். எரிபொருள் வெளியேறும் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அந்தத் துளை மூடியிருந்தாலோ உப்பு படிந்து அடைத்திருந்தாலோ டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மோட்டார் நிற்கும். மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும் ஒலி கேட்கும். கடல்நீர் தெறிக்குமென்று அஞ்சி இந்தத் திருகை இறுக்கிவைப்பவர்கள் எல்லாக் கரைகளிலும் உள்ளனர். மருமகன் அப்படிச் செய்பவன் அல்லன். ஆயினும் திருகைக் கழற்றிக் கழுவி, அடுத்த பயணத்தில் முழுக்கத் திறந்தே வைத்து ஓட்டச் சொன்னோம். அன்று கச்சான் நன்றாக வீசியது. மோட்டார் நின்றது. நின்றதும் மூடியையே கழற்றிப் பார்த்திருக்கிறான்; ஒலி ஏதும் இல்லை. ஆக, திருகு குற்றமற்றது.

அடுத்த பயணத்துக்குப் பக்கத்துப் படகுக்காரரின் டேங்கை இரவல் வாங்கினோம். ஹோஸ் நம்முடையதே. அதையும் இதையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமே என்று மருமகன் அவசரப்பட்டான், நாம் ஒப்பவில்லை. இரண்டை ஒன்றாக மாற்றிப் பழுது தீர்ந்துவிட்டால், எது குற்றவாளி என்று தெரியாமலே இரண்டுக்கும் விலை கொடுக்க நேரும். இரவல் டேங்கோடும் மோட்டார் நின்றது. டேங்கும் அதனுள் உள்ள வடிகட்டியும் விடுதலை.

மூன்றாம் பயணத்தில் நமது டேங்க், பக்கத்துப் படகின் ஹோஸ். முழு வேகத்தில், எதிர்காற்றில், கரைவரை ஓடி வந்தது. அதற்கடுத்த பயணமும் அப்படியே. இறுதி உறுதிக்காகப் பழைய ஹோஸை மறுபடி மாட்டி, கரைக்கு அருகிலேயே, கூட ஒரு படகை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டினோம். பன்னிரண்டாம் நிமிடத்தில் இருமல். உருண்டை அப்பளமானது. நின்ற மோட்டாரைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அன்று நாங்களாகத்தான் இருப்போம்.

அந்த ஹோஸ் வெளிப்பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. வெடிப்பில்லை, மடிப்பில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் கத்தியால் பிளந்தோம். உள்ளே வெங்காயத் தோல் போல மெல்லிய உட்பூச்சு ஓரிடத்தில் பிரிந்து, உப்பி, நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக உறிஞ்சினால் எரிபொருள் அந்த நாக்கைத் தாண்டிப் போய்விடும். முழு வேகத்தில் மோட்டார் பல மடங்கு எரிபொருளைக் கேட்டு வலிந்து உறிஞ்சும்போது, நாக்கு இழுபட்டுக் குழாயின் வாயை மூடிக்கொள்ளும். மோட்டார் நின்று உறிஞ்சல் தணிந்தால் நாக்கு தளர்ந்து, உருண்டை மெல்ல மெல்ல நிரம்பி, ஒன்றும் நடவாதது போல வழி திறக்கும். சூடேறி நின்று ஆறியபின் ஓடுவது போலத் தோன்றியது இதனால்தான். டிரம்மில் பாரமின்றி ஓடும் மோட்டார் கேட்பது மிகச் சொற்பம். அங்கே இது ஒருநாளும் வெளிப்பட்டிருக்காது.

உட்பூச்சு பிரியக் காரணம் வயதும் வெயிலும் மட்டும் அல்ல. இப்போது பம்ப்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்து இளக்கும். மேலும் அது ஈரத்தை ஈர்க்கும் தன்மையது; கடற்கரைக் காற்றில் பாதி நிரம்பிய டேங்கை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து தங்கிவிடும். படகு ஆடும்போது அந்த நீர் ஒரு வாய் உள்ளே போகும், மோட்டார் விக்கும். படகு நிமிர்ந்தால் சரியாகிவிடும். இதுவும் 'சில நேரம் ஓடும்' வகைதான். ஓர் ஒளிபுகும் கண்ணாடிப் புட்டியில் டேங்கின் அடியிலிருந்து சிறிது எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் நீர் கீழே தனிப் படலமாக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

புதிய ஹோஸும் உருண்டையும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வியாபாரியிடம் முன்பணம் வேண்டாமென்று மருமகன் சொன்னபோது அவர் முகம் சற்று மாறியதாகக் கேள்வி. நண்டு அன்றைய சந்தை விலைக்கே போகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இச்செய்தி கரையில் பரவியதும் நம்மிடம் மோட்டார் கேள்விகள் வரத் தொடங்கிவிட்டன. 'ஹஜ்ரத், என் மோட்டாரையும் ஒரு பார்வை பாருங்கள்' என்று ஓதிப்பார்க்கச் சொல்வது போலவே சிலர் கேட்டார்கள். நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி அனுப்பினோம்; பாதிப் பேர் திரும்பி வரவில்லை. வந்தவர்களோடு கண்ட சிலவற்றையும் சேர்த்துச் சொல்கிறோம்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களில் பாதிக்கு மேற்பட்ட தொல்லை மோட்டாரில் இல்லை, மாற்றும் குழாயில் உள்ளது. இவை பெட்ரோலில் கிளம்பி, சூடான பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட வேண்டியவை. ஏனெனில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. மோட்டார் சூடாயிருந்தால்தான் செவ்வனே எரியும். கரையை நெருங்கியதும் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மிஞ்சிய மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தபின் அணைக்க வேண்டும். பெட்ரோல் விலையை எண்ணி இந்த இரண்டு நிமிடத்தைச் சுருக்குபவர்களின் ப்ளக் கரியும் எண்ணெயுமாக நனைந்திருக்கும். அவ்வாறே வலை இழுக்கும்போது நெடுநேரம் மிக மெதுவாக ஓடவிட்டாலும் ப்ளக் கரிபிடிக்கும். கழற்றிய ப்ளக்கின் முனை இளம் காப்பி நிறத்தில் இருந்தால் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருளோ எண்ணெயோ மிகுதி, அல்லது பொறி சரியாக விழவில்லை. வெளுத்துச் சுண்ணாம்பு போல இருந்தால் எரிபொருள் போதாமல் மிகுந்த சூட்டில் ஓடுகிறது. இதுதான் பிஸ்டனைத் தின்பது, தாமதிக்கக் கூடாதது.

எண்ணெய்க் கலவையைக் கண்ணளவால் ஊற்றுவது நம் கரைகளின் தீராத வழக்கம். 50-க்கு 1 என்று மோட்டாரின் கையேடு சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. மருந்துக் கடையில் அளவுக் குவளை கிடைக்கும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

மெதுவாக ஓட மறுத்து வேகத்தில் நன்றாக ஓடினால் கார்புரேட்டரின் சிறு துளையில் தூசி. மெதுவாக நன்றாக ஓடி வேகத்தில் திணறினால் பெரிய துளையையோ எரிபொருள் வரத்தையோ பார்க்க வேண்டும். திணறும்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பார்த்தால் மோட்டார் தெளிந்தால், பட்டினி என்பது உறுதி. ஒரே நொடியில் அணையும் மோட்டாராயின், காயில் விலை கேட்பதற்கு முன் அவசர நிறுத்தக் கயிறு மாட்டும் சுவிட்சையும் அதன் கம்பிகளையும் பாருங்கள். உப்பு ஏறிப் பச்சை பூத்த ஓர் இணைப்பு, அலை அடிக்கும்போதெல்லாம் மோட்டாரை அணைத்துவிடும். காயிலையே ஐயுறுவதாயின், மோட்டார் நின்ற அதே சூட்டில் பொறி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஆறியபின் சோதிப்பது வீண். எரிபொருள் ஆவி இருக்குமிடத்தில் பொறி பறக்கவிடுவது ஆபத்து. ஆகையால் வெறும் ப்ளக்கை வைத்துப் பார்ப்பதைவிட, மூடிய சோதனைக் கருவி ஒன்றைக் கரையில் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்வது நன்று.

இன்னொன்று, மோட்டார் கத்துகிறது, படகு நகரவில்லை என்று ஒரு காக்கா வந்தார். மோட்டாரில் பழுதே இல்லை. புரொப்பல்லரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் வழுக்கிக்கொண்டிருந்தது. நடுக்குழலிலிருந்து வெளிவளையம்வரை ஒரு நேர்க்கோடு வரைந்துவிட்டு ஓட்டச் சொன்னோம். திரும்பியபோது கோடு இரண்டாக விலகியிருந்தது.

மணலில் நிற்கும் படகில், நீரின்றி, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று மோட்டாரைக் கிளப்பும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளிர்ச்சி நீரை இழுக்கும் ரப்பர் சக்கரம் நீரின்றிச் சில நொடிகள் சுழன்றாலே கருகத் தொடங்கும். அதன் பிறகு கடலில் மோட்டார் கொதித்து நிற்கும்போது யாரும் அந்தச் சில நொடிகளை நினைப்பதில்லை.

கடலில் மோட்டார் நின்றால் முதலில் செய்ய வேண்டியது மோட்டாரைத் திறப்பது அல்ல, நங்கூரத்தை இறக்குவது. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் ஆழம் குறைந்தது. நல்ல கயிறும் எடையும் இருந்தால் நங்கூரம் தரை பிடிக்கும். மூடியைக் கழற்றி, ப்ளக்கைத் துடைத்து, இருபது முறை கயிறு இழுத்துக் களைத்து நிமிர்ந்தபின் பார்த்தால், கச்சான் படகை எங்கோ கொண்டுபோயிருக்கும். நங்கூரம் போட்டபின் உருண்டையைத் தொடுங்கள், மூடியைத் திறந்து கேளுங்கள், சுவிட்சைப் பாருங்கள். பிறகே கருவிப்பை. கரையோடு தொலைபேசித் தொடர்பு கிடைக்குமிடத்தில் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கும். இவ்விரு எண்களையும் தொலைபேசியில் மட்டுமன்றி, படகின் உட்பலகையில் வண்ணத்தாலும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறோம். நனைந்த தொலைபேசி எதற்கும் உதவாது.

மருமகன் நோட்டு எழுதுவதை விடவில்லை. பிளந்த ஹோஸின் ஒரு துண்டைக் கம்பியில் கட்டி ஏலக்கூடத்தின் தூணில் தொங்கவிட்டிருக்கிறான். வருகிறவர்கள் விரலை விட்டு அந்த நாக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அக்டோபரில் வாடை தொடங்குமுன் குளிர்ச்சி நீர்ச் சக்கரத்தை மாற்ற வேண்டும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடியில் கோடு போட்டு வைத்திருக்கிறான். அதன் விலையை இரண்டு கடைகளில் கேட்டும் குறித்திருக்கிறான். வஸ்ஸலாம்.